யாரும் கேட்காத சனிக்கிழமை

என் அண்ணன் மகள் மார்னியின் கல்யாணம் வரும் ஜனவரியில் நடக்குமா, இல்லை இன்னொரு வருடம் தள்ளிப்போகுமா என்பது, வெஸ் ஹாலரன் எலைட்டா, அதாவது முதல் தர ஆளா, இல்லையா என்ற கேள்வியில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் பெயர் டேரன். ஹாலரன் எங்கள் அமெரிக்கக் கால்பந்து டீமின் குவார்ட்டர்பேக், பந்தை எறிகிறவன். அவனுக்கு மார்னியையும் தெரியாது, டேரனையும் தெரியாது.

இதை வரிசையாகச் சொன்னால்தான் புரியும். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள், எதையும் வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

டேரனுக்கு இரும்புத் தாது ஏற்றிப்போகும் ஏரிக்கப்பலில் வேலை, எஞ்சின் அறையில். ஏரி உறைந்து, வடக்கே மதகுகளை மூடும்வரை அந்தக் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும். ஜனவரி நடுவில்தான் மூடுவார்கள். அதன்பின் கப்பல்கள் ஒவ்வொன்றாக எங்கள் ஸ்டர்ஜன் பே துறைக்கு வந்து, பழுதுபார்ப்பதற்காக ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். மார்னி அந்தத் துறையில் வெல்டர். டேரனுடைய கப்பலின் வயிற்றுக்குள் உட்கார்ந்து தகடு ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் இருவருக்கும் பழக்கம். மார்ச் கடைசியில் பனி உடைந்ததும் ஆள் மறுபடி ஏரிக்குப் போய்விடுவான். ஆக, கல்யாணம் என்றால் இந்த இடைவெளியில்தான். அதிலும் அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பிப்ரவரி முதல் பாதியிலேயே வந்துவிட்டது. தவக்காலத்தில் எங்கள் கோவிலில் பூ கிடையாது, ஆட்டம் பாட்டம் கிடையாது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் பெல்ஜியத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசுகள், ஆட்டம் இல்லாத கல்யாணத்தை யாரும் கல்யாணம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மிஞ்சியவை மூன்று சனிக்கிழமைகள். அக்டோபர் தொடக்கத்தில் நானும் மார்னியும் ஊர்க்கூடத்தைப் பேசப் போனோம். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெர்னடீன் எங்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை தீயணைப்புக்காரர்களின் விருந்துக்குப் போய்விட்டது. இன்னொன்று வேறொரு கல்யாணத்துக்கு. நடுவில் ஒன்று மட்டும் சும்மா கிடந்தது.

"அதை யாரும் கேக்க மாட்டாங்க கண்ணு. நாக்-அவுட் சனிக்கிழமை ஆச்சே" என்றாள் பெர்னடீன்.

ஜனவரியில் நாக்-அவுட் ஆட்டங்கள். நல்ல டீம்கள் எல்லாம் இரண்டாவது சுற்று வரைக்கும் வந்துவிடும், எல்லாரையும்விட நன்றாக ஆடிய டீமுக்கு முதல் சுற்றில் ஓய்வே கொடுத்துவிடுவார்கள். அந்த இரண்டாவது சுற்று இந்தச் சனியும் மறுநாள் ஞாயிறும். எந்த டீம் எந்த நாள் என்பது முந்தின வாரம்தான் தெரியும். அதனால் எங்கள் டீம் அதுவரை போகும் என்று நம்புகிற எவரும் அந்தச் சனிக்கிழமையைத் தொட மாட்டார்கள்.

"முன்னாடி ஒரு பையன் ஆடினானே, தோள்ல பலமே இல்லாதவன், அவன் காலத்துல இதே சனிக்கிழமைக்கு மூணு பொண்ணுங்க இந்த வாசல்ல நின்னு சண்டை போட்டாளுங்க. ஹாலரன் வந்ததுக்கப்புறம் ஒருத்தியும் எட்டிப் பாக்கல" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வரை மார்னிக்காக வைத்திருப்பதாகவும் சொன்னாள்.

காரில் திரும்பினோம். வழியில் மார்னி, ஊரில் பாதிப்பேர் ஹாலரன் ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்று சத்தம் போடுகிறார்களே, அவர்களில் ஒருவர்கூட ஏன் இந்தத் தேதியைப் பிடிக்கவில்லை என்று கேட்டாள். நான் பதினைந்து நிமிடம் நிகழ்தகவு பற்றிப் பேசினேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

என் அண்ணன் க்ளீட்டஸிடம் மார்னி தேதியைச் சொன்னபோது அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அன்னைக்கு நாம ஆடுவோமேம்மா" என்றான். கோபமோ பிடிவாதமோ இல்லாமல், அன்று பனி பெய்யும் என்று சொல்வதைப் போலச் சொன்னான். எங்கள் அப்பா விட்டுப்போன இரண்டு நிரந்தர இருக்கைகள் அவனிடம் இருக்கின்றன, மைதானத்தின் உச்சி மூலையில். அந்த மாதிரி இருக்கைக்கு ஊரில் குழந்தை பிறந்ததும் பெயர் பதிந்து வைக்கிறார்கள். ஹாலரன் எலைட் என்று முதன்முதலில் சொன்னவன் தான்தான் என்பதில் க்ளீட்டஸுக்கு ஒரு பெருமை. கேட்டவர்களிடமும் சொன்னான், கேட்காதவர்களிடமும் சொன்னான்.

மார்னி அழுதிருந்தால் அவன் உடனே கரைந்திருப்பான். அவள் அழவில்லை.

"சரிப்பா. அவன் எலைட்னா நாம அன்னைக்கு ஆடுவோம், நான் அடுத்த குளிர்காலம் வரைக்கும் காத்திருக்கேன். எலைட் இல்லைன்னா கூடத்தப் பிடிக்கிறேன். ரெண்டுல ஒண்ணு நீங்க சொல்லுங்க. ஆனா உடம்ப கூடத்துல வச்சிட்டு தலைய மைதானத்துல வச்சிட்டு வர்ற அப்பா எனக்கு வேணாம்."

அண்ணி லோயிஸ் அடுப்பங்கரையிலிருந்து, தன் கல்யாணத்துக்கே மான் வேட்டையிலிருந்து நேராக வந்த ஆளிடம் இதைக் கேட்கிறாயே என்றாள். டேரன் அப்போது வடக்கே ஏரியில் எங்கேயோ இருந்தான். மின்னசோட்டாக்காரன், அவன் டீம் வேறு. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் அனுப்பிய பதிலை மார்னி எங்களுக்குப் படித்துக் காட்டினாள். அவனுடைய டீமை நம்பியிருந்தால் ஜனவரியில் எந்தச் சனிக்கிழமையிலும் தாராளமாகக் கல்யாணம் வைக்கலாமாம்.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் வறுத்த மீன். வழக்கமான கடையில், வழக்கமான மேசையில், வழக்கம்போல கோர்டியும் வந்து சேர்ந்தான். கோர்டி லோயிஸின் தம்பி. பால்பண்ணை வைத்திருக்கிறான். சனிக்கிழமைகளில் அக்கார்டியன் பெட்டியைத் தோளில் மாட்டினால், போல்கா ஆட்டத்துக்கு வாசிப்பதில் எங்கள் மாவட்டத்திலேயே அவனுடைய குழுதான் முதல். ஹாலரன் விஷயத்தில் க்ளீட்டஸுக்கு எதிர்க்கட்சித் தலைவன்.

"என்ன மச்சான், உங்க எலைட்டு போன ஞாயித்துக்கிழமை பந்தத் தூக்கி எதிராளி கையில குடுத்தாராமே" என்று சொல்லிக்கொண்டேதான் நாற்காலியை இழுத்தான்.

இதில் எனக்குப் பேச இடம் கிடைத்தது. குவார்ட்டர்பேக்கின் வேலையைப் பார்க்காதவர்களுக்கு அது எறிகிற வேலை என்று தோன்றும். உண்மையில் அது பார்க்கிற வேலை. பந்து கைக்கு வந்ததும் எதிரணியின் மலைபோன்ற மனிதர்கள் நாலைந்து பேர் அவனைச் சாய்க்க ஓடிவருவார்கள். அவனுடைய ஆட்கள் ஐந்து பேர் ஐந்து பக்கம் ஓடுவார்கள். ஒருமுறை மூச்சை இழுத்து விடுவதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டும். ஓடுகிறவன் இனிமேல் வந்து சேரப்போகிற இடத்துக்குப் பந்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். எறிந்த மறுகணம் இவன் தரையில் கிடப்பான். பந்து என்ன ஆனது என்று பல நேரம் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் அவனுக்கே தெரியும்.

நான் உப்புக் குப்பியை ஹாலரனாக நிறுத்தினேன். எலுமிச்சைத் துண்டுகள் எதிரணி. இரண்டு மீன் துண்டுகள் நம் ஓட்டக்காரர்கள். போன ஞாயிறு நடந்தது இதுதான் என்று காட்டினேன். பந்து சரியாக இந்த ஓட்டக்காரன் கைக்கு வந்தது, இரண்டு கையிலும் பட்டது, இவன் கோட்டைவிட்டான், மேலே எழும்பியது, எலுமிச்சை பிடித்துக்கொண்டது. கணக்கில் அது ஹாலரனின் தப்பாக ஏறிவிட்டது. அதற்கு முந்தின வாரம் இரண்டு எலுமிச்சைக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான். அவை இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு விழுந்தன, நம் ஆள் பிடித்து எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டான். கணக்கில் அது ஹாலரனின் சாமர்த்தியம். முதலாவதில் அவன் செய்தது சரி, இரண்டாவதில் செய்தது மகா தப்பு. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். தொலைக்காட்சியோ பந்து இருக்கும் இடத்தைத்தான் காட்டும், தூரத்தில் யார் தனியாக ஓடினான், யாரை ஹாலரன் பார்க்கத் தவறினான் என்பது சோபாவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. அப்படியிருந்தும் சோபாவிலிருந்துதான் எல்லாத் தீர்ப்பும் வருகிறது.

நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே கோர்டி என் ஓட்டக்காரர்களில் ஒருவனைத் தின்றுவிட்டான்.

அவனுடைய அளவுகோல் எளிது. மோதிரம். கோப்பை வென்ற டீமுக்கு மோதிரம் கொடுப்பார்கள், ஹாலரன் விரலில் மோதிரம் இல்லை, வழக்கு முடிந்தது. ஒரு டீமில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள், மோதிரம் எல்லாருக்கும்தான் கிடைக்கிறது, தண்ணீர் கொடுப்பவன் வரைக்கும் கிடைக்கிறது, அப்படியானால் தண்ணீர் கொடுப்பவனும் எலைட்டா என்று கேட்டேன். நல்ல தண்ணீராக இருந்தால் ஆம் என்றான்.

க்ளீட்டஸின் அளவுகோல் வேறு. கடைசி இரண்டு நிமிடம், பனி கொட்டுகிறது, நாலு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். அப்போது பந்து யார் கையில் இருந்தால் நீ கண்ணை மூடாமல் பார்ப்பாய்? அவன்தான் எலைட். ஆனால் ஹாலரன் கையில் பந்து இருக்கும்போது க்ளீட்டஸ் விரலிடுக்கு வழியாகத்தான் பார்ப்பான் என்பதை லோயிஸ் எல்லாருக்கும் நினைவுபடுத்தினாள். அவளுக்கு இந்த வாதமே பிடிக்கவில்லை. டீமில் பந்தை உதைக்கிறவன் ஒரு சுலபமான உதையைத் தவறவிட்டபோது முதலில் போய் அவன் தோளில் கை போட்டது ஹாலரன், அது போதும் என்றாள். அப்படிப் பார்த்தால் நம் கோவில் சாமியாரும் எலைட்தான் என்றான் கோர்டி.

இன்னொன்றும் சொன்னேன். ஒருவரும் தனியாக இல்லாதபோது ஹாலரன் பந்தை வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே எறிந்துவிடுவான். கூட்டம் முனகும். என்னைக் கேட்டால் அவன் செய்வதிலேயே சிறந்த காரியம் அதுதான், நடக்காமல் போன ஆபத்தை யாரும் எண்ணுவதில்லை. கோர்டி அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்றான். "கையில பந்த வச்சுக்கிட்டு வேலிக்கு மேல எறியறதுக்கு எங்க பண்ணையில ஒரு மாடே போதும் ஜோன்" என்றான். மாட்டுக்குக் கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மார்னி பேசினாள். அதுவரை அவள் சாப்பிட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தாள்.

"மாமா, அப்ப உங்களுக்கு சந்தேகமே இல்ல. ஹாலரன் எலைட் இல்ல."

"இல்லவே இல்ல."

"ஜனவரி வரைக்கும் நம்ம டீம் தாங்காது."

"கிறிஸ்துமஸே தாண்டாது."

"நல்லதாப் போச்சு. அந்தச் சனிக்கிழமை என் கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிக்கணும். நாள் பூரா. வர்றேன்னு இப்பவே சொல்லுங்க."

கோர்டி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். பிராந்திக் கோப்பையைத் தூக்கினான், அதில் ஐஸ் மட்டும்தான் இருந்தது, அதையும் குடித்தான். குழுவில் மற்றவர்களைக் கேட்க வேண்டும் என்றான். டிரம்ஸ் அடிப்பவனுக்கு முதுகுவலி என்றான். அந்தத் தேதியில் ஒரு பசு ஈனுவதாக இருக்கிறது, பார்க்கலாம் என்றான்.

"அக்டோபர்லயே பசு உங்ககிட்ட தேதி சொல்லிருச்சா மாமா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். லோயிஸ் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பெர்னடீனின் வாசலில் ஏன் ஒருத்தியும் வந்து நிற்கவில்லை என்பதற்கு, வழியெல்லாம் நான் நடத்திய பாடம் பதிலே இல்லை. இந்த ஊரில் ஹாலரனைத் திட்டுகிறவர்களும் அந்தச் சனிக்கிழமையை அவனுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். வாயால் அளந்தது ஒன்று, அந்த நாளைக் கொடுக்கச் சொன்னபோது வெளியே வந்தது இன்னொன்று.

க்ளீட்டஸுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை நாளாக ஒப்புக்கொள்ளாத மச்சான், மேசையில் எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாதம் அவன் பக்கம். அவன் வாய் திறந்தும்விட்டது. பிறகு மகளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, எலுமிச்சைத் துண்டு ஒன்றை முள்கரண்டியால் தட்டில் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஹாலரன் நல்ல பையன். ஆனா எலைட் இல்ல" என்றான் க்ளீட்டஸ்.

பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. மீன் தட்டைக் கொண்டுவந்த பெண் தட்டோடு நின்றாள்.

"மாமாவுக்குச் சரியாக் கேக்கலப்பா."

"எலைட் இல்ல. கூடத்தப் பிடி. அந்தச் சனிக்கிழமை எனக்கு வேற வேலை கிடையாது." கோர்டியிடம் திரும்பி, "நீ வந்து வாசிக்கிற. பசுவ நான் வந்து பாத்துக்கறேன்" என்றான்.

மார்னி மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. தன் தட்டிலிருந்த கடைசி மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

சொன்ன வார்த்தையைக் க்ளீட்டஸ் காப்பாற்றினான். கஷ்டம் என்னவென்றால், ஹாலரன் அந்த வருடம் பார்த்துத்தான் பிரமாதமாக ஆடினான். நவம்பரில் தோற்கவே இல்லை. மாட்டுத்தீவனக் கடையில், முடிவெட்டும் இடத்தில், பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது, எல்லா இடத்திலும் க்ளீட்டஸிடம் துக்கம் விசாரித்தார்கள். அவனுடைய சுமாரான பையன் நேற்று நாலு டச்டவுன் போட்டானாமே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார்கள். எதிரணி சரியில்லை என்பான். காற்று சாதகம் என்பான். எங்கள் வீட்டில் ஆட்டம் பார்க்கும்போது ஹாலரன் ஓர் அற்புதமான பந்தை எறிந்ததும் எழுந்து நிற்பான், நின்றவன் நின்றதற்குக் காரணமாகத் தண்ணீர் குடிக்கப் போவான். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் அவனுடைய கார் நின்றது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே வானொலியில் ஆட்டம் ஓடியது. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அடித்துக் கத்திக்கொண்டிருந்தான். நான் பார்க்காதவள் போல வீட்டுக்குள் போய்விட்டேன்.

எங்கள் டீம் முதலிடத்தில் முடித்தது. முதல் சுற்றில் ஓய்வு, இரண்டாவது சுற்று எங்கள் மைதானத்திலேயே. சனியா ஞாயிறா என்பது மட்டும் பாக்கி. அறிவிப்பு வந்த மாலையில் நாங்கள் எல்லாரும் க்ளீட்டஸ் வீட்டில் இருந்தோம், டேரன் உட்பட. அவன் கப்பல் இரண்டு நாள் முன்னால்தான் துறைக்கு வந்திருந்தது, கையில் இன்னும் எண்ணெய்க் கறை. சனிக்கிழமை, மத்தியானம் மூன்றரை என்றார்கள். ஒரு மணிக்குக் கோவிலில் கல்யாணம்.

மார்னிதான் அப்பாவிடம் போய், ஆட்டத்தைப் பார்த்துவிட்டு விருந்துக்கு வந்தாலும் தனக்கு வருத்தமில்லை, அன்று மீன் கடையில் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்றாள். உண்மையாகவே சொன்னாள், எனக்குத் தெரியும்.

"நாந்தான் அவன் எலைட் இல்லைன்னு சொல்லிட்டேனே. சுமாரான பையன் ஆட்டத்த யாரு போய்ப் பாப்பா?" என்றான் க்ளீட்டஸ். மறுநாள் காலையில் தன் இரண்டு இருக்கைகளுக்கான சீட்டுகளையும் கொண்டுபோய்ச் சாமியாரிடம் கொடுத்துவிட்டான்.

அதன் பலன் கல்யாணத்தன்று தெரிந்தது. எங்கள் கோவிலில் அவ்வளவு சுருக்கமான பிரசங்கத்தை யாரும் கேட்டதில்லை. மோதிரம் மாற்றியதும் ஆசீர்வாதம், ஆசீர்வாதம் முடிந்ததும் சாமியாரும் ஆர்கன் வாசிப்பவரும் பின்வாசல் வழியாகக் காருக்கு ஓடினார்கள். அங்கியைக் கழற்றினாரா என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு.

கூடத்துக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய அண்டாவில் கோழிக் குழம்பு கொதித்தது, நீள மேசை நிறைய, பழம் வைத்துச் சுட்ட பெல்ஜியன் பை. கூடத்தில் டிவி வைக்கக்கூடாது என்பது லோயிஸின் உத்தரவு. போன் எல்லார் பையிலும் இருந்தது. ஆனால் பெண்ணின் அப்பா எடுத்துப் பார்க்காதபோது வந்தவர்கள் எப்படி எடுப்பது? க்ளீட்டஸ் மேசை மேசையாகப் போய்ச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தான். அவன் தாண்டிப் போனதும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கோர்டி மேடையில் இருந்தான், தொப்பியைக் காது வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு. தொப்பிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய கம்பி சட்டைக் காலருக்குள் இறங்குவதை நான் கவனித்தேன். வானொலி கேட்கிறான். கேட்டுக்கொண்டே வாசிக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் இசையில் ஒன்று பிடிபட்டது. சில நிமிடம் அக்கார்டியன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். பிறகு காரணமில்லாமல் இறங்கி, தொட்டிலாட்டும் பாட்டுபோல ஆகிவிடும். பிறகு மறுபடி சத்தம். பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் மைதானத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதிரணி பந்தை வைத்திருக்கும்போது தொண்டை கிழியக் கத்துவோம், அவர்களுடைய குவார்ட்டர்பேக் தன் ஆட்களுக்குச் சொல்வது அவர்கள் காதில் விழக்கூடாது. பந்து நம் பக்கம் வந்ததும் அத்தனை ஆயிரம் பேரும் கப்பென்று அடங்கிவிடுவோம், ஹாலரன் பேசுவது கேட்க வேண்டுமே. கோர்டியின் விரல்கள் தங்களுக்குத் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருந்தன.

நான் இதை டேரனிடம் விளக்கினேன். டேரன் தன் அம்மாவிடம் சொன்னான். பத்து நிமிடத்தில் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மெதுவாக வாசித்தால் பந்து நம்மிடம். சத்தமாக வாசித்தால் அவர்களிடம். மெதுவாகப் போய் நடுவில் ஒரு துள்ளல் வந்தால் டச்டவுன். ஆடுகிறவர்கள் ஆடினார்கள், காதெல்லாம் மேடையில். க்ளீட்டஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததாக அவன் காட்டிக்கொள்ளவில்லை.

மணி ஆறரை இருக்கும். அப்பாவும் மகளும் ஆடும் ஆட்டத்துக்கு அழைத்தார்கள். முதல் சுற்று இருவர் மட்டும், பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம். நான் டேரனோடு ஆடினேன், அவர்களுக்குப் பக்கத்திலேயே. அக்கார்டியன் இறங்கியது. இன்னும் இறங்கியது. இவ்வளவு மெதுவாக அது அன்று முழுக்க ஒலித்ததில்லை. கடைசி நிமிடங்கள், நாம் பின்னால் இருக்கிறோம், பந்து ஹாலரன் கையில். யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. செருப்புகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. குழம்பு கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

க்ளீட்டஸ் மேடைக்கு முதுகைக் காட்டியபடி ஆடிக்கொண்டிருந்தான். திரும்ப வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் திரும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்தான்.

"அப்பா, வேணும்னா மாமா மூஞ்சியத் திரும்பிப் பாத்துக்கோங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றாள் மார்னி.

"வேணாம்மா. ஹாலரன் பாத்துக்குவான்."

அக்கார்டியன் நின்றது. பிறகு கோர்டி வாசிக்க ஆரம்பித்தான், அன்று மாலையிலேயே ஆகச் சத்தமாக, ஆக வேகமாக. பந்து அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஹாலரன் எறிந்ததை எதிராளி பிடித்துவிட்டான், நேரமும் முடிந்துவிட்டது. கோர்டியின் முகம் சாவு வீட்டில் நிற்பவன் முகம்போல இருந்தது, விரல்கள் மட்டும் பறந்துகொண்டிருந்தன. கடவுள் மன்னிக்கட்டும், அவன் வாழ்நாளில் வாசித்ததிலேயே அதுதான் சிறந்த போல்கா. அந்த வேகத்தில் ஒரு போல்கா காதில் விழும்போது எங்கள் ஊர்க் கால்கள் நிற்காது. முதலில் தீயணைப்புக்காரர்கள் கிளம்பினார்கள், பிறகு டேரனின் அம்மா, பிறகு எல்லாரும்.

க்ளீட்டஸின் முகம் ஒரு நொடி கீழே போனதை நான் பார்த்தேன். அடுத்த நொடி மகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு கூடத்தின் குறுக்கே குதிரைபோலக் கிளம்பிவிட்டான். நானும் டேரனும் பின்னாலேயே ஓடினோம். மார்னியின் முக்காடு அவன் தோளில் சுற்றிக்கொண்டது. அவள் சிரித்து மூச்சு வாங்கினாள்.

"இப்பவாவது சொல்லுங்கப்பா. எலைட்டா இல்லையா?"

"எலைட்தான்" என்றான் க்ளீட்டஸ். "பேசாம ஆடு."